பின்களத்தின் மூத்தவர்

குப்பத்தின் திடல்களில் சிறுவர்கள் கால்பந்தாட அணி பிரிக்கும்போது, விரைந்து ஓடுபவனே முதலில் தேர்ந்தெடுக்கப்படுகிறான். ஓட இயலாதவனுக்கு, "நீ பின்னால் நில்" என்பதே கட்டளை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் ஊரில் இந்த வழக்கம் மட்டும் எல்லா மொழியினருக்கும் பொதுவானது. நாட்டின் அணியைப் பற்றிப் பேசும் பெரியவர்களிடமும் இதே எண்ணம் வேறு வடிவில் தலைகாட்டுகிறது. முப்பதைக் கடந்து, அடிக்கடி காயமுற்று ஓய்வில் இருக்கும் பின்கள வீரரை ஏன் இன்னும் அணியில் வைத்திருக்க வேண்டும் என்று அவர்கள் வினவுகின்றனர்.

இவ்வினாவிற்கு ஏற்ற சான்று சந்தேஷ் ஜிங்கன். 1993ஆம் ஆண்டு சண்டிகரில் பிறந்தவர். 2020இல் அர்ஜுனா விருது பெற்றவர். கேரள அணியில் பல ஆண்டுகள் ஆடிய அவர், 2022-23 பருவத்தில் பெங்களூரு அணிக்காகக் கண்டீரவா திடலில் ஆடினார். குப்பத்தார்க்கு அது தொடர்வண்டியில் சென்று திரும்பும் தொலைவுதான்.

2019 செப்டம்பர் 10 அன்று தோஹாவில், ஆசியக் கோப்பையை வென்றிருந்த கத்தார் அணியை இந்தியா கோல் எதுவும் விடாமல் சமன் செய்தது. பின்களத்தின் நடுவில் ஜிங்கன் நின்றார். அடுத்த மாதமே முழங்காலில் தசைநார் கிழிந்து, அந்தப் பருவம் முழுவதையும் அவர் இழந்தார். அக்டோபர் 15 அன்று கொல்கத்தாவில், தரவரிசையில் தாழ்ந்திருந்த வங்கதேசத்துடன் இந்தியா 1-1 என்று சமனில் முடித்தது. அந்த ஆட்டத்தில் இந்தியா விட்ட கோல், ஒரு நேரடி உதையைத் தொடர்ந்து தலையால் முட்டி அடிக்கப்பட்டது. உயரே வரும் பந்தை முதலில் தொடுவது நடுப் பின்கள வீரரின் வேலை என்பதை ஆட்டம் அறிந்தோர் அறிவர்.

இத்தகைய வீரரின் பயன் கால்களில் மட்டும் இல்லை. பின்களத்தில் நிற்கும் நால்வரும் ஒரு கயிற்றில் கட்டியவர்கள் போல ஒரே கோட்டில் முன்னேறவும் பின்வாங்கவும் வேண்டும். ஒருவர் ஓர் அடி பிந்தினாலும் எதிரணி முன்கள வீரர் 'ஆஃப்சைடு' விதியிலிருந்து தப்பி விடுவார். "முன்னே வா", "அவனை விடாதே" என்று உரிய நொடியில் குரல் கொடுப்பவர் ஒருவர் அங்கே வேண்டும். பந்து எங்கே வரும் என்பதை எதிராளியின் தோள் திரும்பும் விதத்தைக் கொண்டே உணர்ந்து, அவ்விடத்தில் இரண்டு அடி முன்னதாகச் சென்று நிற்பவர், விரைந்து ஓட வேண்டிய தேவையே குறைகிறது. வயது கால்களிடமிருந்து எடுத்துக்கொள்வதில் ஒரு பகுதியைக் கண்களுக்குத் திருப்பித் தருகிறது. ஆட்டம் முடிந்ததும் வெளியிடப்படும் எண்ணிக்கைப் பட்டியலில் இது இடம்பெறுவதில்லை. நிகழாமல் போன கோலை யார் எண்ணுவது?

இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் அணித் தலைவர் லெட்லி கிங், முழங்கால் கோளாற்றால் தம் ஆட்ட வாழ்வின் இறுதி ஆண்டுகளில் அணியினருடன் பயிற்சியே செய்ய இயலாதவர். வாரத்திற்கு ஓர் ஆட்டம் என்ற அளவில் அவரைக் காத்துக் களமிறக்கினர். அவர் ஆடிய நாள்களில் அணியின் உறுதியே வேறாக இருந்தது. இத்தாலியின் பிராங்கோ பரேசி, 1994 உலகக் கோப்பையின் தொடக்கத்திலேயே முழங்காலில் காயமுற்று அறுவை செய்துகொண்டார். நான்கு வாரங்களுக்குள், முப்பத்து நான்காம் வயதில், இறுதி ஆட்டத்திற்குத் திரும்பினார். கூடுதல் நேரத்தின் முடிவுவரை பிரேசில் ஒரு கோலும் அடிக்கவில்லை.

ஆனால் வலியோடு ஆடுவதையே வீரம் என்று கொண்டாடுவது தவறு. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தலையில் தையல்களுடன் ஆடிய பின்கள வீரர் ஜர்னைல் சிங், முன்களத்தில் நிறுத்தப்பட்டு, இறுதி ஆட்டத்திலும் கோல் அடித்தார். தென் கொரியாவை 2-1 என்று வென்ற இந்தியா தங்கம் பெற்றது. போற்றத்தக்க செயல்தான். எனினும் உலகக் கோப்பையிலேயே மாற்று ஆட்டக்காரர் 1970இல்தான் அனுமதிக்கப்பட்டார். இன்று ஐவரை மாற்றலாம். அன்றைய கட்டாயத்தை இன்றைய வீரர்மீது சுமத்துவதற்கு இடமே இல்லை.

2024 சனவரியில், ஆசியக் கோப்பையில் சிரியாவுடன் ஆடியபோது ஜிங்கன் மீண்டும் முழங்காலில் காயமுற்றார். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் எஞ்சிய ஆட்டங்களில் அவர் இல்லை. மார்ச் 26 அன்று கவுகாத்தியில் ஆப்கானிஸ்தானிடமும், சூன் 11 அன்று தோஹாவில் கத்தாரிடமும், முதலில் கோல் அடித்த இந்தியாவே 1-2 என்று தோற்றது. இரண்டு ஆட்டங்களிலும் இந்தியா வாங்கிய கோல்கள் எழுபது நிமிடங்களை ஒட்டியோ கடந்தோ விழுந்தவை. கத்தாரின் முதல் கோலில் பந்து எல்லைக்கோட்டைக் கடந்துவிட்டது என்ற குறை நியாயமானதே. இந்தியா போதிய கோல் அடிக்காததும் உண்மை. ஆயினும் முன்னிலையைக் காக்கும் இறுதி இருபது நிமிடங்களில் பின்களத்தை ஒழுங்குபடுத்தும் குரல் இல்லாதது பெருங்குறையாயிற்று. அந்தத் தோல்விகளோடு அடுத்த சுற்றுக்குச் செல்லும் வாய்ப்பும் போயிற்று.

இதற்கு ஜிங்கனைக் குறை கூறுவதில் பொருளில்லை. 2019இலேயே ஒருமுறை முறிந்த முழங்காலை நம்பி, ஐந்தாண்டுகளாக அவருக்கு நிகரான ஒருவரை உருவாக்காமல் இருந்ததே பிழை. 2025 ஆகஸ்டில் தஜிகிஸ்தானை வென்ற ஆட்டத்தில் கோல் அடித்த அவர், அடுத்து ஈரானுடன் ஆடியபோது கன்ன எலும்பு முறிந்து நாடு திரும்பினார். அவர் இல்லாமலே இந்தியா ஓமனை வென்று மூன்றாம் இடம் பெற்றது. அக்டோபரில் சிங்கப்பூரில் அவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியதையும் மறைக்க வேண்டியதில்லை. பிந்தும் கால் சில வேளைகளில் தவறான இடத்தில் நீளவே செய்யும்.

ஆதலால் ஒவ்வோர் ஆட்டத்திலும் தொண்ணூறு நிமிடமும் அவரை ஓடவிடுவது முறையன்று. காயத்தைக் காட்டி விலக்கி விடுவதும் முறையன்று. கடினமான ஆட்டங்களுக்கு அவரைக் காத்து வைக்கலாம். மற்ற நாள்களின் பயிற்சியில், இருபது வயதுப் பின்கள வீரர் ஒருவருக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தலாம். எப்போது முன்னேற வேண்டும், எப்போது பொறுத்திருக்க வேண்டும் என்பதை அவர் உரக்கச் சொல்லட்டும். அந்த இளைஞர் கேட்டுப் பழகட்டும்.