பூட்டைக் கழற்றிவிட்டுப் போங்கள்

புதுவயலில் உட்கார்ந்தபடி திருச்சி ஓடுபாதையில் இறங்க, 2006-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் என்ற விமான விளையாட்டைத்தான் இன்றும் திறக்கிறேன். அதை உருவாக்கிய ஏசஸ் ஸ்டுடியோவை 2009 ஜனவரியில் மூடிவிட்டார்கள். 32 பிட் நிரல் என்பதால், கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் 4 ஜிபியைத் தாண்டினால் பறப்பு பாதியில் அறுந்துவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்காகப் பிறரிடம் காசு கொடுத்து வாங்கிய கூடுதல் விமானங்கள்தான் வயிற்றெரிச்சல். அவற்றைத் தயாரித்தவர் கடையைக் கட்டியதும் உரிமம் சரிபார்க்கும் சர்வரும் நின்றுபோகும். புதுக் கணினியில் நிறுவ வழியில்லை. விலகுகிறவர்கள் அந்தப் பூட்டைக் கழற்றி, மூல நிரலைப் பொதுவில் வைத்துவிட்டுப் போக வேண்டும். கூடுதல்களை இலவசமாகத் தந்தவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் செட்டிநாடு ஓடுதளத்தை நாளை ஒருவர் இந்தச் சிமுலேட்டரில் வரைந்தால், பிழை திருத்த அடுத்தவருக்கும் எழுத்தில் அனுமதி தரட்டும்.