உயர்தரம்!

"உயர்தர சைவ உணவகம்!"

தமிழகத்து ஊர் எதிலே இறங்கினாலும் கண்ணில் படும் பலகை. புதுவை அதற்கு விலக்கன்று. சைவ உணவகம் - சரி. உள்ளே என்ன கிடைக்கும் என்பதை வழிப்போக்கனுக்குத் தெரிவிக்கும் சொல், நாணயமான சொல். அதைக் குறை கூறோம். ஆனால் அதற்கு முன்னாலே நெஞ்சு நிமிர்த்தி நிற்கிறதே ஒரு சொல், 'உயர்தரம்' என்று - அது எதைத் தெரிவிக்கிறது? அரிசியின் தரத்தையா? எண்ணெயின் தூய்மையையா? அடுக்களையின் துப்புரவையா? உள்ளே சென்று பார்த்தவர்களுக்குத் தெரியும், சில இடங்களில் இம்மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று! எனினும் பலகை மட்டும் இறங்குவதில்லை.

எதிர்ச்சாரியிலே ஒரு கடை. மண்சட்டியிலே மீன் குழம்பு கொதிக்கிறது. விடியற்காலையில் வைத்திக்குப்பத்திலோ வீராம்பட்டினத்திலோ கரையேறிய மீன். துள்ளல் அடங்காத மீன். அதைவிடப் புதிய பண்டம் எந்தச் சந்தையிலே கிடைக்கும்? ஆயினும் அந்தக் கடைக்காரருக்கு 'உயர்தரம்' என்று எழுதக் கை வருவதில்லை. 'அசைவம்' என்று எழுதிக்கொள்கிறார். அசைவம் - அதாவது, சைவம் அல்லாதது! 2014-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் புலால் உண்போர் என்று கூறிற்று. 97 பேர் உண்ணும் உணவுக்குச் சொந்தப் பெயர் இல்லை. 'அல்லாதது' என்பதே பெயர். மூவர் உணவுக்கோ பெயரும் உண்டு, பெயருக்கு முன்னே பட்டமும் உண்டு. என்னே நம் மொழிநடை! என்னே நம் அடக்கம்!

சென்ற திங்கள் வெளியூர் நண்பர் ஒருவர் வந்தார். "புதுவையின் தனிச்சுவை எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். அவர் கையிலே ஒரு பட்டியல். துய்மா வீதி, ரொமேன் ரோலான் வீதி என்று கடலோரத் தெருக்களின் பெயர்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகர், மேற்கே கறுப்பர் நகர் என்று பிரித்து வைத்தவர் பிரெஞ்சுக்காரர். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகுக்கு முழங்கியவர்தாம்! 1954 நவம்பர் முதல் நாள் நிர்வாகம் கைமாறிற்று. 1962-ல் சட்டப்படியும் கைமாறிற்று. ஆள்வோர் போயினர். வாய்க்கால் போகவில்லை. இன்று புதுவைக்கு உண்ண வருவோரில் பெரும்பாலோர் அந்த வாய்க்காலைத் தாண்டுவதில்லை. பிரெஞ்சுப் பெயர் சூட்டிய ரொட்டியும் பாலாடைக் கட்டியும் உண்டு, புதுவையைச் சுவைத்தோம் என்று பூரித்துத் திரும்புகின்றனர்.

நண்பரிடம் சொன்னேன்: "புதுவையிலிருந்து பிரெஞ்சு நாட்டுச் சமையலறைக்குப் போன சுவை ஒன்று உண்டு. அதைப் பார்க்க வேண்டுமானால் மேற்கே வாரும்."

வடகத்தைத்தான் சொன்னேன். சின்ன வெங்காயம், பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை - இவற்றை இடித்துப் பிசைந்து, உருட்டி, கோடை வெயிலிலே காய வைத்து, மாலையிலே எடுத்து, மறுநாள் எண்ணெய் தொட்டு மீண்டும் உருட்டி, மீண்டும் காய வைத்து, இப்படி நாள் பலவாக நம் தாய்மார் செய்யும் தாளிப்பு உருண்டை. மீன் குழம்பு இறக்கும் நேரத்தில் ஒரு துண்டைக் கிள்ளி எண்ணெயில் போட்டால் தெருக்கோடி வரை மணக்கும். இதைத்தான் பிரெஞ்சுக்காரர் 'வதுவான்' என்று தம் நாவுக்கேற்பத் திருத்திக்கொண்டு போயினர். மேனாட்டுச் சமையல் வல்லுநர் இன்று அதைப் பொடியாக்கிச் சீசாவில் அடைத்துப் பெருமையோடு பேசுகின்றனர். கடல் கடந்தால் அரும்பொருள். கறுப்பர் நகரத்துக் கூரைமேலே காய்ந்தால் 'நாற்றம்'!

இதிலே இன்னொரு வேடிக்கை. வடகத்தின் உயிர் எது? வெங்காயமும் பூண்டும். வைதீக அடுக்களை எவற்றை விலக்கிற்று? வெங்காயத்தையும் பூண்டையும்! புதுவை உலகுக்கு வழங்கிய சுவை, ஆசாரம் ஆகாது என்று தள்ளிய இரண்டு பொருளைக் கொண்டு, ஆசாரம் ஆகாது என்று தள்ளிய மக்கள் கையால் உருட்டப்பட்டது. 'உயர்தர'ப் பலகைக்காரர் இதற்கு என்ன விடை சொல்வார்?

நண்பரை மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் அழைத்துச் சென்றேன். முன்னொரு காலமாயின் முதலியார்பேட்டைக்கு அழைத்துச் சென்றிருப்பேன். சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகள் புதுவையின் மூச்சாக இருந்த காலம் அது. அந்த ஆலைத் தொழிலாளர் தோழர் வ. சுப்பையாவின் தலைமையிலே உரிமை கேட்டனர். 1936 சூலை 30-ஆம் நாள் துப்பாக்கி பேசிற்று. 12 தொழிலாளர் மாண்டனர். அந்தக் குருதிக்குப் பிறகே, 1937-ல், பிரெஞ்சு ஆட்சி எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்கிற்று. ஆசியாவிலேயே எங்களுக்குத்தான் முதலிலே கிடைத்தது என்று புதுவைத் தொழிலாளர் சொல்லிக்கொள்வர். சொல்லிக்கொள்ள உரிமை உடையவர்கள். ரோடியர் ஆலை பின்னாளில் ஏ.எப்.டி. ஆலை ஆயிற்று, 2011 திசம்பரில் தானே புயலில் அடிபட்டது, 2020-ல் மூடப்பட்டது. ஆலை வாயில் அடைபட்டால் அதை நம்பிய சோற்றுக்கடையும் அடைபடும் என்பதை எந்தப் பொருளாதார நூலும் எழுதுவதில்லை.

ஆலையோரத்துச் சோற்றுக்கடையை எளிதாக எண்ண வேண்டாம். கோயில் செய்யாததை, மடம் செய்யாததை, பள்ளிக்கூடமும் செய்யத் தயங்கியதை அது செய்தது. சங்கு ஊதினால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசி. இருக்கும் பலகையோ ஒன்று. நேரமோ குறைவு. பக்கத்திலே அமர்பவன் என்ன சாதி என்று விசாரித்து முடிப்பதற்குள் மறு சங்கு ஊதிவிடும்! இடித்துக்கொண்டு அமர்ந்தனர், ஒரே குழம்பை ஊற்றிக்கொண்டனர். சாதி அங்கே செத்துவிட்டது என்று கூறவில்லை. வீட்டுக்குப் போனதும் எழுந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் அந்த அரைமணி நேரம் அதற்கு மூச்சுத் திணறிற்று என்பது உண்மை.

இதற்கு எதிர்ப்புறத்தில் ஒரு வரலாறு உண்டு. அதுவும் புதுவையைத் தொட்டே போகிறது. வ.வே.சு. ஐயர் 1910-லே இலண்டனிலிருந்து தப்பிப் புதுவைக்கு வந்தார். பத்தாண்டு இங்கே இருந்தார். வெள்ளையனை எதிர்த்த வீரர். தமிழ் கற்ற அறிஞர். அதை மறுப்பவர் யாருமில்லை. அவர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில்தான், 1924-25-ல், பார்ப்பனப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப் பந்தி என்று பெரும்போர் மூண்டது. பொதுப்பணம் பெற்ற பள்ளியிலே தனிப்பந்தியா என்று பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் கேட்டனர். பேரரசை எதிர்க்கத் துணிந்த நெஞ்சம், இரண்டு இலையை இடம் மாற்றத் துணியவில்லை! இரயில் நிலைய உணவகங்களில் பார்ப்பனர்க்குத் தனியிடம் என்ற ஏற்பாடு, கிளர்ச்சிக்குப் பிறகு, 1941-ல் ஒழிந்தது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னே, 'பிராமணாள்' என்ற எழுத்தை எடு என்று நாள்தோறும் தொண்டர் நின்றனர். நாள்தோறும் சிறை சென்றனர். 1958-ல் எழுத்து அழிந்தது. அதன் பின்னர்ப் பலகைகளில் 'பிராமணாள்' மறையத் தொடங்கிற்று. அந்த இடத்தில், இன்னும் எளிதாக, யார் மனமும் புண்படாத பாவனையோடு வந்து அமர்ந்த சொல்தான் 'உயர்தரம்'.

பழங்கதை என்பீர்களா? சென்னை ஐ.ஐ.டி. விடுதி உணவகத்தில் 2018 திசம்பரில், சைவர்க்கு ஒரு வாயில், புலால் உண்போர்க்கு ஒரு வாயில், கை கழுவும் இடமும் தனி என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பின்னரே கிழிபட்டது. 2023-ல் மும்பை ஐ.ஐ.டி. சைவர்க்குத் தனி மேசை ஒதுக்கிற்று. அங்கே அமர்ந்து இறைச்சி உண்டு எதிர்ப்புக் காட்டிய மாணவர்க்கு 10,000 ரூபாய் தண்டம்! 2024 மார்ச்சில் சொமாட்டோ நிறுவனம், தூய சைவ உணவு கொண்டு வருவோர்க்குப் பச்சைச் சட்டை என்று அறிவித்தது, ஊர் சிரித்தது, மறுநாளே சட்டையைக் கைவிட்டது. 'தூய'! இந்தச் சொல்லின் மறுபக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவன் கைச்சோறு தூயது என்றால், அடுத்தவன் கைச்சோறு என்ன? 2015-ல் தாத்ரியில், மாட்டிறைச்சி வைத்திருந்தார் என்ற வதந்திக்கே ஒரு மனிதர் அடித்துக் கொல்லப்பட்டார். பலகையிலே தொடங்கும் சொல் எங்கே போய் முடிகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சைவம் உண்பவரை நாம் பகைக்கவில்லை. புதுவைக்குத் தெற்கே வடலூரில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே சமைப்பது புலால் இல்லாத உணவுதான். ஆனால் பசித்தவன் என்ன சாதி, வீட்டிலே என்ன உண்பான் என்று அந்த அடுப்பு கேட்டதில்லை. 'உயர்தரம்' என்று பலகை மாட்டியதும் இல்லை.

இவ்வளவும் நண்பரிடம் பேசிக்கொண்டே சென்றேன். தொழிற்பேட்டை ஓரத்திலே ஒரு மெஸ், பெயர் வேண்டாம். தகரக் கூரை. நெத்திலி வறுவல், சங்கரா மீன் குழம்பு, பக்கத்திலே கருவாட்டுத் தொக்கு. குழம்பிலே வடகம் மணந்தது. நண்பர் இரண்டு முறை சோறு வாங்கினார். நான் வெற்றி வீரனைப் போல வீற்றிருந்தேன்.

கை கழுவப் பின்பக்கம் சென்றேன். அங்கே, சுவரோரத்தில், தரையிலே அமர்ந்து நாலு இளைஞர் உண்டுகொண்டிருந்தனர். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த பிள்ளைகள், பேச்சிலே தெரிந்தது. ஞெகிழித் தட்டு. உள்ளேயோ எங்கள் மேசையிலேயே இரண்டு இடம் காலி.

கடைக்காரரைக் கேட்டேன். நல்லவர், உழைப்பாளி, சுவரிலே பெரியார் படம் மாட்டியிருந்தவர். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவங்க வேற மாதிரிங்க ஐயா. நம்ம ஆளுங்க பக்கத்துல உக்காரச் சங்கடப்படுறாங்க. அதான் பின்னால போட்டுக் கொடுத்திடறது. காசு ஒண்ணுதான், சோறும் ஒண்ணுதான்."

சோறு ஒன்றுதான்! சேரன்மாதேவியிலும் இதைத்தானே சொன்னார்கள்?

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். நெடுந்தொலைவு நடந்த பிறகே நெஞ்சு சுட்டது. 1957-ஐ நாள் கணக்கோடு சொல்லத் தெரிந்தவனுக்கு, முதுகுக்குப் பின்னாலே இருந்த தனிப்பந்தி, உண்டு முடிக்கும் வரை கண்ணிலே படவில்லை. இந்தித் திணிப்பை எதிர்ப்போம். உயிர் கொடுத்தும் எதிர்ப்போம். ஆனால் அந்தப் பிள்ளை இந்தியைத் திணிக்க வரவில்லை. வயிற்றை நிரப்ப வந்தான். தில்லியின் மீதுள்ள சினத்தை அவன் தட்டிலே கொட்டுவது வீரமா? பொதுக்கடை, பொது உணவகம் எதிலும் சாதி, மதம், இனம், பிறந்த இடம் காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. 'பிறந்த இடம்' என்ற சொற்களை நாம் அதிகமாகப் படித்ததில்லை, நம்மை அவை சுடுவதற்கு இதுவரை இடம் நேராததால். 'உயர்தரம்' என்று எழுதியவனாவது வெளியே பலகையில் எழுதினான். நாம் எழுதாமலே நடத்துகிறோம்.

அடுத்த வாரம் தோழர் மூவரோடு மீண்டும் சென்றேன். நேரே பின்பக்கம் போய், சுவரோரத்தில், தரையிலே அமர்ந்தோம். கடைக்காரர் பதறி ஓடி வந்தார். "உள்ளே இடம் இருக்குங்க ஐயா!"

"இருக்கிறது, தெரியும். இவர்களையும் சேர்த்தே கூப்பிடுங்கள், வருகிறோம்."

சற்று நேரம் நின்றார். பிறகு உள்ளே போய் மேசையைத் துடைத்தார். அந்தப் பிள்ளைகள் தயங்கினர், எழுந்து வந்தனர். உள்ளே இருந்த ஒருவர் தம் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். மற்றவர் நகரவில்லை. அன்று வஞ்சிரம். பக்கத்திலே அமர்ந்திருந்த பிள்ளை குழம்பில் கிடந்த கருகிய வடகத் துண்டை விரலால் எடுத்துக் காட்டி, இது என்ன என்று சைகையால் கேட்டான். சொல்லத் தொடங்கினேன், பாதி சொல்வதற்குள் அவனுக்குச் சங்கு ஊதிவிட்டது.