பழிக்குப் பழி... கை தட்டலாமா?

(மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் துறை)



சில படம் முடிந்ததும் "செம படம்டா" என்கிறோம். சில படம் முடிந்ததும் "தூக்கம் வரலடா" என்கிறோம். ஒரே படத்துக்கு இந்த இரண்டையும் சொல்ல வைத்தவர் கொரிய இயக்குநர் கிம் ஜீ-ஊன். படத்தின் பெயர் 'ஐ சா தி டெவில்'. தென்கொரியாவில் 2010 ஆகஸ்ட் மாதம் வெளிவந்தது. இத்தனை வருடம் கழித்தும் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதம் செய்கிறார்கள். ஒரு கட்சி, "பழிவாங்கும் படம்னா இதுதான்" என்கிறது. இன்னொரு கட்சி, "இதை எடுத்தவனுக்கு மனசாட்சி இருக்கா?" என்கிறது. இந்தச் சண்டையில் நானும் என் கருத்தைச் சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். பனி கொட்டும் ஒரு இரவு. டயர் பஞ்சராகி காரில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணை ஒருவன் கொன்றுவிடுகிறான். அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன் அரசாங்க உளவுத்துறை அதிகாரி. (நடிப்பு: லீ பியுங்-ஹுன்.) கொலைகாரனாக வருபவர் சோய் மின்-சிக். 2003இல் வந்து, 2004 கான் விழாவில் கிராண்ட் பிரி பரிசு பெற்ற 'ஓல்ட்பாய்' படத்தில் பழிவாங்கக் கிளம்பும் மனிதராக நடித்தாரே, அவரேதான்! அதில் பழிவாங்கக் கிளம்பியவர், இதில் பழிவாங்கப்படுகிறவர்.

அதிகாரி கொலைகாரனைச் சீக்கிரமே பிடித்துவிடுகிறான். ஆனால் போலீசில் ஒப்படைக்கவில்லை, கொல்லவும் இல்லை. அடித்து நொறுக்கி, இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும் ஒரு சின்னக் கருவியை மாத்திரை போல விழுங்க வைத்து, விட்டுவிடுகிறான். மறுபடி பிடிக்கிறான், மறுபடி அடிக்கிறான், மறுபடி விடுகிறான். அணு அணுவாய்ச் சாகட்டும் என்று. இறந்த பெண்ணின் தங்கை, "போதும், இதனால் அக்கா திரும்பி வரப் போவதில்லை" என்று கெஞ்சுகிறாள். அவன் கேட்கவில்லை. கடைசியில் கொலைகாரனுக்கு அந்தக் கருவி விஷயம் தெரிந்துவிடுகிறது. அதை வெளியேற்றிவிட்டு நேராக அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போகிறான். அப்பா படுகாயம். "போதும்" என்று கெஞ்சிய அதே தங்கை பிணம்!

இந்தப் படத்தை முதலில் பார்த்து முகம் சுளித்தவர்கள் கொரிய நாட்டின் தரம் பிரிக்கும் வாரியத்தினர். படத்தை முன்கூட்டியே தணிக்கை செய்வது சட்ட விரோதம் என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. ஆகவே தடை என்று சொல்ல முடியாது, தரம்தான் பிரிக்கலாம். வாரியம் இந்தப் படத்துக்கு இரண்டு முறை 'கட்டுப்படுத்தப்பட்ட திரையிடல்' என்ற தரத்தைக் கொடுத்தது. அதற்கென்று உள்ள தனித் தியேட்டரில்தான் ஓட்ட வேண்டும். அப்படித் தியேட்டரே இல்லாதபோது? பெயர்தான் வேறு, பலன் தடைதான்! இயக்குநர் சுமார் ஒன்றரை நிமிடக் காட்சிகளை வெட்டிய பிறகே வயது வந்தோருக்கான படமாக வெளியானது.

இனி ரசிகர்கள் கதைக்கு வருவோம். இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதே ஆகஸ்ட் மாதம், ஒரு வாரம் முன்னதாக இன்னொரு கொரியப் படம் வந்தது. 'தி மேன் ஃப்ரம் நோவேர்'. அடகுக் கடைக்காரன் ஒருவன் பக்கத்து வீட்டுச் சிறுமிக்காக ஒரு கூட்டத்தையே கத்தியால் கிழிக்கிறான். அதிலும் இரத்தம் ஆறாகத்தான் ஓடுகிறது. அதுவும் வயது வந்தோருக்கான படம்தான். ஆனால் அதைப் பார்த்தவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். அந்த வருடம் கொரியாவிலேயே அதிகம் பேர் பார்த்த கொரியப் படம் அது. 2016இல் இந்திக்கும் போனது. 'ஐ சா தி டெவில்' பார்த்தவர்கள்? சுமார் 18 லட்சம் பேர்.

அப்படியென்றால் ஜனங்களுக்குப் பிடிக்காதது இரத்தமா? இல்லவே இல்லை! முதல் படத்தில் சிறுமி பிழைக்கிறாள். நம் மனசு லேசாகிறது. "நல்லது ஜெயிச்சுது" என்று எழுந்து வருகிறோம். இரண்டாவது படத்தில் அந்த நிம்மதியை இயக்குநர் தர மறுத்துவிடுகிறார். கொலைகாரன் சாகிறான், ஆனால் கதாநாயகன் சாலையில் அழுதுகொண்டே நடந்து போகிறான். கடைசிக் காட்சியில் அவனுக்கு வெற்றி இல்லை, நமக்கும் கைதட்டல் இல்லை. முகம் சுளித்த பலருடைய கோபம் கொடூரத்தின் மேல் மட்டும் இல்லை, ஏமாற்றத்தின் மேலும்தான் என்பது என் கருத்து.

ஒரு எதிர்ப்பை மட்டும் நான் தலைகுனிந்து ஏற்கிறேன். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள்: "கொலைகாரனுக்கு ரெண்டு மணி நேரம், செத்துப்போன பொண்ணுக்கு அஞ்சு நிமிஷமா? அவளுக்கு என்ன பிடிக்கும், என்ன படிச்சா, ஏதாவது சொன்னாங்களா?" நியாயமான கேள்வி. பெண்கள் துடிப்பதைக் காமிரா அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. படத்தின் பெரிய குறை இது. "கலை" என்று சொல்லி இதை மூடி மறைக்க முடியாது.

ஆனாலும் இந்தப் படத்தை நான் ஒதுக்கமாட்டேன். காரணம் எங்கள் அம்மா. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கீழே ஓடும் எழுத்தைப் படிக்க வராது. ஆகவே கதையை வாயால் சொன்னேன். கொலைகாரன் உதை வாங்கிய இடத்தில் "நல்லா வேணும் அவனுக்கு" என்றார்கள். தங்கை செத்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஏன்டா, மொதல்ல கையில கெடச்சப்பவே போலீசுல புடிச்சுக் குடுத்திருந்தா அந்தப் புள்ள உசுரோட இருந்திருக்குமேடா?" என்றார்கள்.

மூன்று வருடம் படித்த நாங்கள் மொட்டை மாடியில் விடிய விடிய விவாதம் செய்தோம். எங்களில் ஒருத்தன்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை! "அடுத்து எப்படி அடிப்பான்?" என்றுதான் காத்திருந்தோம். கொரிய மொழியில் இந்தப் படத்தின் தலைப்பில் 'நான்' என்ற சொல்லே கிடையாது. 'சாத்தானைக் கண்டது' என்று மட்டும்தான் பொருள் வருமாம். கண்டது யார்? கதாநாயகனா, கொலைகாரனா, இல்லை "இன்னும் ஒரு அடி" என்று காத்திருந்த நாமா?

இது ஏதோ தூர தேசத்துக் கதை என்று நினைக்காதீர்கள். பழிக்குப் பழி என்ற நினைப்புக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். ஒரு அறைக்கு இரண்டு அறை, அந்தத் துறைக்காரன் தொட்டால் இந்தத் துறைக்காரன் விடமாட்டான் என்று நாமும் பேசுகிறோம். ஒரு கேஸ் விழுந்தால் என்ன ஆகும்? நம் படிப்பு போகும். அப்பா வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கும். அடித்தவனும் அடிபட்டவனும் தவிர, வீட்டில் இருக்கும் ஒன்றும் அறியாதவர்கள்தான் அதைச் சுமப்பார்கள்.

கொடூரமான படத்தைத் தடை செய் என்று நான் சொல்லவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள தம்பி தங்கைகளுக்குக் காட்டாதீர்கள் என்பேன். பார்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். படம் பார்த்து வயிற்றைப் புரட்டினால் வெட்கப்படாதீர்கள், உங்கள் மனசு இன்னும் மரத்துப் போகவில்லை என்று அர்த்தம். விசில் அடிக்கத் தோன்றினால் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

அடுத்த அடி யார் மேல் விழப்போகிறது என்று யோசித்துவிட்டு, அப்புறம் கை தட்டுங்கள்!