எழுத்தே இல்லாத கடைத்தெரு

ஒரு கடைத்தெருவில் இருக்கும் பெயர்ப்பலகை, விளம்பரம் எல்லாவற்றையும் மூடிவிட்டால் என்ன ஆகும்? இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 2005 ஜூன் மாதம் வியன்னா நகரத்தில் நிஜமாகவே செய்து பார்த்தார்கள்.

செய்தவர்கள் கிறிஸ்டோஃப் ஸ்டைன்பிரெனர், ரைனர் டெம்ப்ஃப் என்ற இரண்டு கலைஞர்கள். இடம் நொய்பௌகாஸ்ஸெ என்ற கடைத்தெரு. கடைப்பெயர், லோகோ, விளம்பர வாசகம், படக்குறி என்று எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தால் மூடினார்கள். இரண்டு வாரம் தெரு அப்படியே இருந்தது. இந்த முயற்சிக்கு அவர்கள் வைத்த பெயர் "டிலீட்!".

அதன் புகைப்படங்களைப் பார்த்தால் முதலில் தோன்றுவது ஆச்சரியம்தான். இத்தனை மஞ்சளா? ஒரு தெருவில் எழுத்து எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது அதை மூடிய பிறகுதான் தெரிகிறது.

அப்படியானால் கிராபிக் டிசைன் தேவையே இல்லையா? இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1964-ல் பிரிட்டிஷ் டிசைனர் கென் கார்லண்ட் ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரோடு சேர்த்து 22 பேர் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். பற்பசையும் பூனைத் தீனியும் விற்பதற்கே நம் திறமை முழுவதும் செலவாகிறது, வழிகாட்டிப் பலகை, புத்தகம், கையேடு போன்றவற்றுக்கும் அது போக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். விளம்பரமே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. எது முதலில், எது பிறகு என்றுதான் கேட்டார்கள். 2000-ல் 33 பேர் கையெழுத்தோடு அந்த அறிக்கை புதுப்பிக்கப்பட்டது.

இதற்கு நேர் எதிர்த் திசையிலும் ஒரு சோதனை நடந்தது. 1994-ல் "ரே கன்" என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையில் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி வந்தது. பேட்டி சுவாரசியமாக இல்லை என்று நினைத்த டிசைனர் டேவிட் கார்சன், அதை முழுக்க டிங்பேட் என்ற குறியீட்டு எழுத்துருவில் அச்சிட்டுவிட்டார். நட்சத்திரமும் அம்பும் பூவுமாக ஒரு பேட்டி! படிக்கக்கூடிய வடிவம் அதே இதழின் பின்பக்கங்களில் இருந்தது. இன்றும் பலர் இதைத் துணிச்சல் என்று பாராட்டுகிறார்கள். ஆனால் காசு கொடுத்து வாங்கியவர் பேட்டியைப் பின்பக்கங்களில் தேட வேண்டியிருந்தது. டிசைன் வாசகனுக்கா, டிசைனருக்கா என்ற கேள்விக்கு கார்சன் சொன்ன பதில் சரியானதாகத் தெரியவில்லை.

வியன்னா சோதனையிலும் ஒரு குறை உண்டு. அந்தத் தெருவிலேயே குடியிருப்பவருக்குப் பலகை எதற்கு? எந்தக் கடை எங்கே என்று அவருக்குத் தெரியும். முதல்முறை வந்து மருந்துக்கடை தேடுபவரின் நிலை வேறு. வழி சொல்லும் எழுத்தையும் "என்னை வாங்கு" என்று கத்தும் எழுத்தையும் அந்த மஞ்சள் ஒன்றாகவே மூடிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல.

பிரேசிலின் சாவோ பாலோ நகரம் இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் புரிந்துகொண்டது எனலாம். 2007-ல் நடைமுறைக்கு வந்த "சுத்த நகரம்" சட்டம் பெரிய விளம்பரப் பலகைகளை அகற்றியது. ஆனால் கடைப் பெயர்ப்பலகைகளை ஒழிக்கவில்லை, அளவைத்தான் குறைத்தது. ஊரும் கடையும் தொலைந்துவிடவில்லை. பலகைகள் போனதும் அவற்றுக்குப் பின்னால் மறைந்திருந்த ஏழைக் குடியிருப்புகள் கண்ணில் பட்டதாகப் பத்திரிகையாளர்கள் சொன்னார்கள். டிசைன் எதையாவது காட்டும்போது வேறொன்றை மறைக்கவும் செய்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

எனவே "டிலீட்!" டிசைனுக்கு எதிரான தீர்ப்பு இல்லை. டிசைன் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் தன் வேலையை வைத்துப் பார்க்க வேண்டிய பரீட்சை அது. செய்து முடித்ததை மனதுக்குள் மஞ்சளால் மூடிப் பார்க்கலாம். அது இல்லாமல் யாராவது தவிப்பார்களா? மாத்திரை அட்டையில் அளவைப் படிக்க முடியாத முதியவர், ரயில் நிலையத்தில் நடைமேடை தெரியாமல் நிற்பவர்... இப்படி ஒருவராவது இருந்தால் அந்த வேலைக்கு மதிப்பு இருக்கிறது. விற்றவரைத் தவிர வேறு யாருமே தேடமாட்டார்கள் என்றால், அந்தத் திறமையை வேறு எங்கே செலவழிக்கலாம் என்று யோசிப்பது நல்லது.