கார் பாலிஷ் மெஷின் வாங்கப் போகும் என் மாணவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டுப் பொறுமையாகப் படியுங்கள். கார் வைத்திருப்பவர்களும், கார் பாலிஷ் கடை போட நினைப்பவர்களும் கட்டாயம் படியுங்கள்.

இரண்டு மாதத்தில் என்னிடம் படித்த மூன்று பேர் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். “சார், டீடெய்லிங் கடை போடலாம்னு இருக்கேன். எந்த பாலிஷ் மெஷின் வாங்கறது? எந்த பேட் வாங்கறது?” பள்ளிக்கூட வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று வெளியூர் உறவினர்கள் நினைக்கலாம். ஓய்வு பெற்றதிலிருந்து என் பழைய காருக்கு நானே பாலிஷ் போட்டு வருவது தேவனூர் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டராக இருக்கும் என் அண்ணன் மகன்தான் இதில் எனக்கு குரு. அவனிடம் கற்றதையும், நான் படித்துத் தெரிந்துகொண்டதையும், கைப்பழக்கத்தில் உணர்ந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் மெஷின் டூயல் ஆக்‌ஷன் மெஷினாக இருக்கட்டும், ரோட்டரி வேண்டாம். மெஷினில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாவது பேட்களைக் கூடுதலாக வாங்குங்கள். இதற்கு ஒரே காரணம்தான். பாலிஷ் என்பது பெயிண்டின் மேல் எதையோ பூசுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெயிண்டைத் தேய்த்து எடுப்பது. எடுத்தது திரும்ப வராது.

வகுப்பில் நோட்டில் அழி ரப்பர் போட்டு அழித்தது ஞாபகம் இருக்கிறதா? எழுத்து மட்டுமா போகும்? தாளும் கொஞ்சம் போகும். ஒரே இடத்தில் நாலு தரம் அழித்தால் ஓட்டை விழும். கார் பாலிஷும் அதேதான். கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை நாம் நிரப்புவதில்லை. சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குகிறோம்.

அந்த மேடு எவ்வளவு தடிமன்? இன்றைய காரில் தகரத்துக்கு மேல் பிரைமர், அதன் மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் தேய்ப்பது மேலே உள்ள கிளியர் கோட்டை மட்டும். அது சுமார் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். ஆக, ஒரு முடியை விட மெல்லிய படலத்தின் மேல் மெஷின் வைக்கிறீர்கள். வெயிலிலிருந்து கலரைக் காப்பாற்றுவதும் அந்தப் படலம்தான். கரடுமுரடான காம்பவுண்டு போட்டு ஒரு முறை நன்றாக வெட்டினால் அதில் சில மைக்ரான் போய்விடும். ஒரு காரின் ஆயுளில் இந்த வேலையை எத்தனை முறை செய்ய முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்தில் ரோட்டரி மெஷினும் கம்பளி பேடும் இவ்வளவு பரவியதற்கு என் எண்ணத்தில் ஒரு காரணம் உண்டு. நாமக்கல் லாரி ஊர். லாரி கேபினுக்கும் பாடிக்கும் அடிக்கும் பெயிண்ட் தடிமனாக இருக்கும், சில வருடத்தில் மறுபடியும் அடிப்பார்கள். அங்கே ரோட்டரி வைத்து ஓங்கித் தேய்த்தாலும் தாங்கும். அந்தக் கைப்பழக்கம் அப்படியே கார் வேலைக்கும் வந்துவிட்டது. கை அதேதான். ஆனால் கீழே இருக்கும் பெயிண்ட் வேறு.

என் மாணவர் ஒருவர் சுற்றுலா வண்டி ஓட்டுகிறார். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குவதுதான் அவர் பிழைப்பு. தவணை இன்னும் முடியவில்லை. போன வருடம் வெளியூரில் ஒரு கடையில் பாலிஷுக்கு விட்டார். வாங்கும்போது கண்ணாடி போல மின்னியது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் முன் கதவின் விளிம்பில் கிளியர் கோட் போய், கலரும் போய், பிரைமர் தெரிந்தது. வெயிலில் நிறுத்தினால் பானட் முழுக்க அலை அலையாகக் கோடு. அதைத்தான் ஹோலோகிராம் என்கிறார்கள். கதவுக்குத் தனியாகப் பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று. நாளை வண்டியை விற்கப் போனால், வாங்குபவர் “அடிபட்ட வண்டியா?” என்றுதான் கேட்பார். செய்தவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்த வேலைக்கு ஏற்ற மெஷினும் பேடும் அவர் கையில் இல்லை, அவ்வளவுதான்.

இனி மெஷின்களின் வித்தியாசம். ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். நிமிடத்துக்குச் சுமார் 600 முதல் 3000 சுற்று. எவ்வளவு அழுத்தினாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில் இரண்டு நொடி கூடுதலாக நின்றால் சூடு ஏறும். விளிம்பில் பட்டால் உரித்துவிடும். டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேட் சுற்றவும் செய்யும், சின்ன வட்டத்தில் ஊசலாடவும் செய்யும். பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான டூயல் ஆக்‌ஷன் மெஷின்களில் பேடைச் சுற்ற வைக்கும் பல்சக்கரம் கிடையாது. அளவுக்கு மீறி அழுத்தினால் சுற்றுவது நின்று வெறுமனே அதிரும். தப்பு செய்தால் மெஷினே வேலையை நிறுத்திக்கொள்கிறது. பழகுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதற்காக விளிம்பில் கவனமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஆபத்து குறைவு, அவ்வளவே.

ஒரு சின்ன யுக்தி: பேடைத் தாங்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு சுற்றினால் பேட் சுற்றுகிறது. கோடு நின்றால் அழுத்தம் அதிகம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஊசலாட்டத்தின் அளவு. 8 மி.மீ., 15 மி.மீ., 21 மி.மீ. என்று வரும். இத்தாலியின் ருப்பெஸ் நிறுவனம் 15, 21 அளவுகளை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. இப்போது பல கம்பெனிகள் அதே அளவில் தருகின்றன. 21 பெரிய பானட்டையும் கூரையையும் சீக்கிரம் முடிக்கும். ஆனால் வளைவான இடத்தில் பேட் சுற்றாமல் நின்றுபோகும். 8 கட்டுப்பாட்டுக்கு எளிது, ஆனால் வேலை மெதுவாகும். இன்றைய கார்களில் தட்டையான இடமே குறைவு. அதனால் ஒரே மெஷின்தான் வாங்க முடியும் என்றால் 15 மி.மீ., 5 அங்குலத் தட்டு என்பது என் யோசனை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும், பளு ஏறினாலும் வேகம் குறையாத வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டும் கார்பன் பிரஷ்ஷும் தனியாகக் கிடைக்குமா, பழுது பார்க்க சேலத்திலோ கோவையிலோ ஆள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மெஷின் மூலையில் கிடந்தால் வட்டி மட்டும் ஓடும்.

இன்னொன்று. இரும்பு அறுக்கும் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரில் ஸ்பாஞ்சு மாட்டிப் பாலிஷ் போடும் வீடியோவை ஒருவர் எனக்கு அனுப்பியிருந்தார். அந்த மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடுவது. காருக்கும் ஆபத்து, கைக்கும் ஆபத்து. தயவுசெய்து வேண்டாம்.

இனி பேட். மெஷினைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறவர்கள் பேடைப் பற்றி அரை நிமிடம்கூடப் பேசுவதில்லை. பெயிண்டைத் தொடுவது மெஷின் இல்லை, பேடுதான்.

கம்பளி பேட் நன்றாக வெட்டும், சூடும் குறைவு, ஆனால் மேற்பரப்பில் மங்கல் விடும். மைக்ரோஃபைபர் பேடும் நன்றாக வெட்டும். சில பெயிண்டில் அதுவும் மெல்லிய மங்கல் விடும். ஸ்பாஞ்சு பேடில் மூன்று வகை. கெட்டியானது வெட்ட, நடுத்தரமானது பாலிஷுக்கு, மிருதுவானது கடைசிப் பளபளப்புக்கு. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் மஞ்சள் பேட் வெட்டுவதற்கு, இன்னொரு கம்பெனியின் மஞ்சள் கடைசிப் பளபளப்புக்கு. எல்லோருக்கும் பொதுவான நிறக் கணக்கு எதுவும் கிடையாது. அட்டையில் எழுதியிருப்பதைப் படித்து, விரலால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.

பேட் தட்டை விட அரை அங்குலமாவது பெரிதாக இருக்கட்டும். தட்டின் விளிம்பு பெயிண்டில் இடித்தால் அதுவே புதுக் கீறல். 5 அங்குலத் தட்டுக்கு ஐந்தரை அல்லது 6 அங்குல பேட் சரி. பம்பர், கதவுத் தூண், கண்ணாடி மூடி போன்ற இடங்களுக்கு 3 அங்குலத் தட்டும் பேடும் தேவைப்படும்.

எத்தனை பேட்? ஒரு காருக்கு ஒரு பேட் என்ற கணக்கு தப்பு. தேய்த்த பெயிண்டும் காய்ந்த காம்பவுண்டும் பேடில் அடைத்துக்கொள்ளும். அடைத்த பேட் வெட்டாது, சூடாகும், பின்புற வெல்க்ரோ பசை விட்டுவிடும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு மூன்று பாகம் முடிந்ததும் பேடை மாற்றுங்கள். நடுத்தரம் நான்கு, கெட்டி இரண்டு, மிருது இரண்டு, 3 அங்குலத்தில் நான்கு. இதுதான் என் ஆரம்பக் கணக்கு. கீழே விழுந்த பேடைக் கழுவாமல் திரும்ப மாட்டாதீர்கள். அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், ஒரு கதவைக் கெடுத்துவிடும்.

வேலை முறையில் நான் விடாப்பிடியாகச் சொல்வது ஒன்றுதான்: மெதுவானதில் தொடங்குங்கள். வண்டியைக் கழுவி, களிமண் கட்டி போன்ற கிளே பார் கொண்டு ஒட்டியதை எடுத்துவிட்டு, நிழலில், தகரம் குளிர்ந்திருக்கும்போது, பானட்டில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மட்டும் சோதனை செய்யுங்கள். முதலில் நடுத்தர பேடும் மெல்லிய பாலிஷும். குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து முறை, மெதுவாக. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்துவிட்டு விளக்கு அடித்துப் பாருங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்துக்கொண்டு பொய் சொல்லும், அதனால்தான் இந்தத் துடைப்பு. கீறல் போயிருந்தால் முழுக் காரையும் அதிலேயே முடியுங்கள். போகாவிட்டால் மட்டும் அடுத்த கெட்டி பேட். நகம் மாட்டுகிற அளவு ஆழமான கீறலைத் துரத்தாதீர்கள். அதை விட்டுவிடுவதும் தொழில் தெரிந்தவன் செய்யும் வேலைதான்.

கடை போடுகிறவர்கள் பெயிண்ட் தடிமன் பார்க்கும் கருவி ஒன்றையும் வாங்குங்கள். தகரத்தின் மேல் உள்ள மொத்தத் தடிமனைக் காட்டும். கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது, பிளாஸ்டிக் பம்பரிலும் சாதாரணக் கருவி வேலை செய்யாது. ஆனால் ஒரு கதவில் 110, பக்கத்துக் கதவில் 250 என்று காட்டினால் அங்கே மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று புரியும். வேலை தொடங்கும் முன்பே வண்டிக்காரரிடம் அதைக் காட்டிவிடலாம். பின்னால் சண்டை வராது.

வாட்டர் சர்வீஸும் பாலிஷும் ஒரே கூரையின் கீழ் நடக்கும். ஈரத் தரையில் கரண்ட் மெஷின். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் கடையைத் திறக்காதீர்கள். கண்ணாடியும் முகக்கவசமும் போடுங்கள். இது உங்கள் வாத்தியாரின் உத்தரவு.

ரோட்டரியே கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். வெயிலில் வெளுத்த லாரி கேபினுக்கும், புதுப் பெயிண்டில் உப்புத்தாள் போட்ட தடத்தை எடுக்கவும் அது வேகமானது. பழகிய கையில் அழகாக வேலை செய்யும். விலையும் குறைவு. என் அண்ணன் மகன் இன்றும் அதைத்தான் பிடிக்கிறான். ஆனால் அந்தக் கை வர வருடங்கள் ஆகும். அதுவரைக்கும் பழகுவது யாருடைய காரில்? இதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன். பழைய இரும்புக் கடையில் ஒரு பானட் வாங்கி வந்து அதில் பழகுங்கள். விளிம்பை வேண்டுமென்றே உரித்துப் பாருங்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறது என்று கண்ணால் பார்த்தவன் மறக்கமாட்டான்.

மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கடனுக்கு முயற்சி செய்கிறவர்கள் விலைப்புள்ளி வாங்கும்போது மெஷினுக்கு மட்டும் வாங்காமல் பேட், விளக்கு, தடிமன் கருவி எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்குங்கள். பிறகு கைப்பணத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது.

கார் வைத்திருக்கும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. வல்வில் ஓரி விழா நாட்களில் செம்மேட்டில் நிற்கும் கார்களை வெயிலில் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல். பெரும்பாலும் அது மலைப்பாதையில் வந்தது இல்லை. காலையில் தூசியும் பனியும் படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைக்கிறோமே, அதில் வந்தது. முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்குங்கள், பிறகு துடையுங்கள். துடைக்கும் பழக்கம் மாறாமல் பாலிஷ் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல. ஆறு மாதத்தில் பழைய கோலம் வந்துவிடும், கிளியர் கோட் மட்டும் குறைந்திருக்கும்.

கடை போடும் மாணவர்களே, இதையும் வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். “உங்க வண்டிக்கு இப்ப பாலிஷ் வேண்டாம், ஒழுங்கா கழுவினா போதும்” என்று சொல்ல உங்களுக்கு மனசு வந்தால், அவர் அடுத்த முறையும் உங்களிடம்தான் வருவார். நாலு பேரையும் கூட்டி வருவார்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நான் சொன்னதில் மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள். எந்த பேட், எந்த பாலிஷ், எந்தக் காருக்கு ஒத்து வந்தது என்று எழுதினால் புதிதாகத் தொடங்கும் தம்பிகளுக்கு உதவும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
தேவனூர் நாடு, கொல்லிமலை.