எந்த புரோகிராமிங் மொழியில் ‘பக்’ குறைவு? பிரபல ஆய்வை உலுக்கிய மறுஆய்வு

‘டைப் எல்லாம் முன்னாடியே சொல்லிட்டா பக் வராது’, ‘அதெல்லாம் சும்மா, எழுதுறவங்க கையிலதான் இருக்கு’. ஐடி அலுவலக கேன்டீன்களில் ஓயாத சண்டை இது. புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது இதே சண்டை மீட்டிங் அறைக்குள்ளும் வரும். ‘ஆராய்ச்சியே சொல்லுது’ என்று யாராவது ஒரு லிங்க்கைத் தட்டிவிடுவார்கள். அப்படிப் பரவலாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வு ஒன்று 2014-ல் வெளியானது. அதன் எண்களை ஐந்து வருடம் கழித்து இன்னொரு குழு தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் சுவாரஸ்யமானது.

முதல் ஆய்வைச் செய்தது, டேவிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு. பைஷாகி ரே, சென்னை ஐஐடியில் படித்த பிரேம்குமார் தேவன்பு உள்ளிட்ட நான்கு பேர். கிட்ஹப்பில் இருந்து 729 ப்ராஜெக்ட்கள், 17 மொழிகள், 8 கோடி வரி கோட், 15 லட்சம் கமிட்களை எடுத்து அலசினார்கள். 11 மொழிகளுக்கும் பிழைகளுக்கும் புள்ளியியல் ரீதியாகத் தொடர்பு தெரிந்தது. ஹாஸ்கெல் போன்ற ஃபங்ஷனல் மொழிகள் கொஞ்சம் மேல் என்றது முடிவு.

இவ்வளவு கமிட்களில் எது பக் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கமிட் மெசேஜில் ‘பக்’, ‘ஃபிக்ஸ்’, ‘எரர்’ போன்ற வார்த்தைகளைத் தேடித்தான். 15 லட்சத்தையும் மனிதர்கள் உட்கார்ந்து படிக்க முடியாது என்பதால் இது புரிந்துகொள்ளக்கூடிய வழிதான். ஆனால் கமென்ட்டில் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் டெவலப்பர் ‘ஃபிக்ஸ்’ என்றுதானே எழுதுவார்?

2019-ல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் யான் விடெக், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் எமரி பெர்கர் உள்ளிட்டோர் மறுஆய்வை வெளியிட்டார்கள். பக் என்று குறிக்கப்பட்ட கமிட்களில் ஒரு பகுதியை டெவலப்பர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அதில் 36 சதவீதம் பக் சம்பந்தப்பட்டதே இல்லை.

அதைவிட வேடிக்கை டைப்ஸ்கிரிப்ட் கதை. மைக்ரோசாஃப்ட் அந்த மொழியை வெளியிட்டது 2012 அக்டோபரில். ஆய்வுத் தரவிலோ அதன் முதல் கமிட் 2003-லேயே இருக்கிறது! காரணம், ஃபைல் பெயரின் கடைசியில் வரும் ‘டிஎஸ்’. டைப்ஸ்கிரிப்ட் ஃபைலும் அப்படித்தான் முடியும். ‘க்யூடி’ என்ற மென்பொருள் கருவியின் மொழிபெயர்ப்பு ஃபைலும் அப்படித்தான் முடியும். விளைவு, சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதப்பட்ட பிட்காயின் மென்பொருள் டைப்ஸ்கிரிப்ட் பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த ‘கோட்’ உண்மையில் மெனு வார்த்தைகளின் மொழிபெயர்ப்பு. அதில் பக் எப்படி வரும்?

இதையெல்லாம் களைந்து, புள்ளியியல் முறையையும் இறுக்கிக் கணக்கிட்டபோது 11 மொழிகள் 4 ஆகச் சுருங்கின. அந்த நான்கிலும் வித்தியாசம் மிக மிகச் சிறியது.

முதல் குழு இதை ஒப்புக்கொள்ளவில்லை, மறுப்பு எழுதியது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. 2014 கட்டுரையிலேயே மொழியின் தாக்கம் சுமார்தான், ப்ராஜெக்ட் அளவும் டீம் அளவும்தான் அதைவிடப் பெரிய காரணிகள் என்று எழுதியிருந்தார்கள். லிங்க் அனுப்பியவர்கள் அந்த வரியை அனுப்பவில்லை, அவ்வளவுதான். தங்கள் தரவையும் கோடையும் விடெக் குழுவிடம் கொடுத்ததும் இவர்கள்தான். கொடுக்காமல் இருந்திருந்தால் 2003 டைப்ஸ்கிரிப்ட் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அப்படின்னா மொழி முக்கியமே இல்லையா? கேள்வியைச் சுருக்கிக் கேட்டால் பதில் கொஞ்சம் தெளிவாகிறது. பொதுவாக ‘பக்’ என்று கேட்காமல், இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பக்குகளில் எத்தனையை டைப் சோதனை முன்பே பிடித்திருக்கும் என்று 2017-ல் வேறொரு குழு பார்த்தது. பழைய கோடை எடுத்து, டைப் சேர்த்து, ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கிடைத்தது 15 சதவீதம். ஆண்ட்ராய்டில் மெமரி சார்ந்த பாதுகாப்பு ஓட்டைகளின் பங்கு 2019-ல் 76 சதவீதமாக இருந்தது, 2024-ல் 24 ஆகக் குறைந்தது என்கிறது கூகுள். புது கோடை ரஸ்ட் போன்ற மெமரி பாதுகாப்புள்ள மொழிகளில் எழுதியதே காரணம் என்பது அதன் விளக்கம். இது நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொன்ன கணக்கு. ஆனால் எந்த வகை ஓட்டை என்பதை இங்கே கமிட் மெசேஜில் வார்த்தை தேடி ஊகிக்க வேண்டியதில்லை.