வாடகைக்காரருக்கு உண்டு, நமக்கு?

கொழும்பு பேர வாவிக்கரையில் 68 மாடிகளில் தொடர்மாடி நிற்கிறது. இப்படியான இடத்தில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு மாதம் இரண்டு இலட்சம் வாடகை என்று வைத்துக்கொள்வோம். 2024 இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது 148 நாள் கொழுந்து. ஒரு மாத வாடகைக்கு ஆறு மாத உழைப்பு!

நாம் பொறாமைப்படவில்லை. கொழும்பில் காவல் நிற்பதும் தரை துடைப்பதும் நம் பிள்ளைகள்தானே. ஆனால் ஒரு வருடம் தங்க வருபவருக்கும் அங்கே எழுத்தில் ஒப்பந்தம் உண்டு, கதவிலக்கம் உண்டு. தலைமுறை தலைமுறையாக லயக் காம்பராவில் கிடக்கும் நமக்கு? கடிதம்கூட தோட்ட ஆபிஸ் சுற்றித்தான் வருகிறது. தகரம் மாற்றவும் துரையைக் கேட்க வேண்டும்.

சொன்ன 7 பேர்ச் காணிக்கு உறுதி எப்போது? அடுத்த கூட்டத்தில் எழுத்தில் கேட்போம். அம்மாமாரும் கையெழுத்து வைக்க வாருங்கள்.